சம்பந்தி வீட்டுக்குப் போன தண்ணீர்

வேப்பங்காட்டுப்புதூர் அங்காளம்மாளிடம் அவள் சமையலைக் குறை சொல்லலாம், புருஷனைக் குறை சொல்லலாம், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஊர்த் தண்ணீரை மட்டும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைக்கு அவள் இட்லிக் கடையில் சட்னி அரைபடாது, சொன்னவர்தான் அரைபடுவார்.

எடப்பாடிக்கு மேற்கே, தறிச் சத்தம் ஓயாத ஊர் அது. தெருமுனையில் தகரச் சாய்ப்புக்குக் கீழே அவள் கடை. தறி ஓட்டப் போகிறவர்கள் காலையில் அங்கே நின்று நாலு இட்லியும் அவளிடம் நாலு பேச்சும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். தான் சொல்லவந்த தமாஷுக்குத் தானே முதலில் சிரித்துவிடுகிற பிறவி அவள். அதனால் அவள் சொன்ன எந்தத் தமாஷின் முடிவும் இதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் சிரிப்பார்கள்.

குழாயில் காவிரித் தண்ணீர் நினைத்துக்கொண்டால் வரும். மற்றபடி குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் தெருக்கோடித் தொட்டியிலும் வீட்டுக்கு வீடு அடிபம்பிலும் விழுகிற போர்வெல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்குச் சில வருஷங்களாக ஒரு மகிமை வந்திருந்தது. எண்ணெய்ச் சட்டியில் ஊற்றித் தேய்த்தால் சோப்பே இல்லாமல் பளபளவென்று ஆகிவிடும். கொண்டைக்கடலையைப் போட்டால் திரும்பிப் பார்ப்பதற்குள் வெந்து குழையும். கையில் அள்ளினால் விளக்கெண்ணெய் மாதிரி வழவழவென்று நழுவும்.

"எங்க ஊருத் தண்ணி சோப்பையும் சேத்தே மண்ணுக்குள்ளிருந்து கொண்டாருதுங்க. சேலம் டவுன்ல தேடுனாலும் இப்பிடி ஒரு தண்ணி கெடைக்குமா?" என்பாள்.

தெருப் பிள்ளைகள் சொறிந்துகொண்டேதான் பள்ளிக்கூடம் போயின. அது வேர்க்குரு. அவள் புருஷன் செங்கோடனுக்கு நாற்பத்தெட்டு வயதில் தலை வழுக்கையாகிவிட்டது. அது தறிப்பட்டறைத் தூசி. பாதி ஊருக்கு வயிற்றில் எரிச்சல். அது புளிச்ச மாவு, அதுவும் அவள் கடை மாவு இல்லை, எதிர்க்கடை மாவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அவள் கைவசம் தயாராக இருந்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் அரிப்புக் களிம்பைப் பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்தார்.

ஊருக்குக் கிழக்கே தண்டாயுதபாணியின் சலவைப் பட்டறை. நூலைக் காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து, வெளுத்து, தறிகளுக்கு அனுப்புகிற இடம். வெளுத்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு என்ன, அவர் ஊர்க்காரர், திருவிழாவுக்கு மைக்செட் அவர் செலவு. அங்காளம்மாளுக்கு ஒன்றுவிட்ட அத்தை மகன், முறைமாமன் வேறு. அவர் வீட்டில் மட்டும் குடிக்க, சமைக்க எல்லாமே கேன் தண்ணீர். வாரம் தவறாமல் வேனில் வந்து இறங்கும். பணம் வந்தால் நாக்கும் மாறிவிடுகிறது பார் என்று தெரு சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அங்காளம்மாள்.

அவள் மகள் யுவஸ்ரீயை வாழப்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை சிவபிரகாஷ் ரிக் லாரியோடு போர் போட வடக்கே போய்விட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு திரும்புகிறவன். யுவஸ்ரீ முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதை யாராவது சொல்லித் தர வேண்டுமா? அங்காளம்மாள் மூன்றாம் மாதத்திலேயே உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்து, தொட்டில் கம்பு வாங்கி, அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டியும் ஆயிற்று.

அப்போதுதான் சம்பந்தி கலைமணி போன் போட்டாள். கலைமணி மெதுவாகப் பேசுகிறவள். அங்காளம்மாளுக்கு அதுவே பாதி எரிச்சல்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பொங்கலுக்கு உங்க ஊருக்கு வந்துட்டுத் திரும்புனதுலேருந்து புள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. ஒரு மாசம் ஆச்சு அடங்க. அந்தத் தண்ணி ஒத்துக்கல போல. பிரசவத்த இங்கியே வச்சுக்கலாமா?"

அங்காளம்மாள் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டாள்.

"அவ பொறந்து வளந்த தண்ணிங்க அது! அதுல குளிச்சுத்தான் உங்க பையன் மயங்கற அளவுக்கு நெறமா வளந்தா! வளகாப்பு முடிஞ்ச கையோட புள்ளய நான் கூட்டிட்டு வாரேன். வெச்சிடறேனுங்க."

போனை வைத்துவிட்டு, இட்லித் தட்டைத் தூக்கி, எந்தக் குற்றமும் செய்யாத செங்கோடன் முன்னால் டமால் என்று போட்டாள். "என்ற பொண்ணு என்ற ஊட்டுக்கு வரக் கூடாதாம்!"

வளைகாப்பன்று ஒரு வேன் நிறையப் பெண்கள் கிளம்பினார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச்சோறு என்று ஏழு வகைச் சோறு அண்டா அண்டாவாக ஏறிற்று. கண்ணாடி வளையல், பூ, பழம், ஜாக்கெட் துணி எல்லாம் ஏறிற்று. கடைசியாக, மூடி போட்ட நீல டிரம் ஒன்றை அங்காளம்மாள் தானே கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தாள்.

"ஏம்புள்ள, இது என்ன?" என்றான் செங்கோடன்.

"தண்ணி."

"அவங்க ஊட்ல தண்ணி இல்லாமயா இருக்கறாங்க?"

"இருக்கும். நம்ம ஊருத் தண்ணி இருக்குமா? என்ற பொண்ணுக்கு நலுங்கு இந்தத் தண்ணியிலதான் வெக்கறேன். அந்தக் கலைமணி கண்ணு முன்னாலயே வெக்கறேன். தடிக்குதா வெடிக்குதான்னு பாக்கட்டும்."

செங்கோடன் இதற்குமேல் பேசிப் பழக்கமில்லாதவன். டிரம்மைத் தன் காலுக்கிடையில் வைத்துப் பிடித்துக்கொண்டான். சங்ககிரி தாண்டுவதற்குள் வேனுக்குள் பாட்டு, கும்மி, யாருடைய மாமியாரையோ போல நடித்துக் காட்டுவது என்று அமர்க்களம். டிரைவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். சேலம் பைபாஸில் ஒரு பள்ளத்தில் வேன் குதித்து, டிரம் தளும்பி, செங்கோடனின் வேட்டி முழங்கால்வரை நனைந்தது. "வாழப்பாடிக்குள்ள மாமனுக்கு முடி மொளச்சிரும், அப்பேர்ப்பட்ட தண்ணி!" என்று யாரோ சொல்ல, அங்காளம்மாள்தான் அதிகம் சிரித்தாள்.

கலைமணி வீட்டு வாசலில் பந்தல். யுவஸ்ரீ பட்டுச்சேலையில், வயிறு முன்னால் வர, முகம் பூரித்து மணையில் உட்கார்ந்திருந்தாள். வடக்கேயிருந்து வந்திருந்த சிவபிரகாஷ் ஓரமாக நின்று பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்காளம்மாள் மஞ்சள்தூளைக் கிண்ணத்தில் கொட்டினாள். டிரம்மைத் திறந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி செம்பை உயரத் தூக்கி, தண்ணீரை ஊற்றிக் குழைத்தாள்.

மஞ்சள் சிவந்தது. ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலந்தால் எப்படி ஆகுமோ, அப்படிக் மளமளவென்று சிவந்து, ரத்தச் சிவப்பாகக் கிண்ணத்தில் நின்றது.

"ஆரத்தி கலக்கற கிண்ணத்த எவடி எடுத்து வெச்சது? சுண்ணாம்பு ஒட்டியிருக்குது பாரு!" என்றாள் அங்காளம்மாள். கிண்ணத்தைக் கழுவி வந்தார்கள். மறுபடி குழைத்தாள். மறுபடி சிவந்தது. "மஞ்சத்தூள்ல கலப்படம். இந்த ஊருக் கடையில வாங்குனதா?" என்று கேட்டுவிட்டு, தன் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அது முன்னதைவிடச் சிவப்பாக வந்தது.

பந்தலில் கசமுசவென்று பேச்சு கிளம்பிற்று. வேனில் வந்த ஒருத்தி, "ஆத்தா எறங்கியிருக்கறா!" என்று குலவை போட்டாள். பின்னால் இருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து போட்டார்கள். ஒருத்திக்கு உடம்பு லேசாக ஆட ஆரம்பித்தது. மேளக்காரர் குஷியாகி அடியை மாற்றினார். அங்காளம்மாளும் சட்டென்று அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். "பாத்தீங்களா சம்பந்தியம்மா, எங்க ஊருத் தண்ணிக்கு சாமியே எறங்கி வருது!" என்று சொல்லி, சிவந்த மஞ்சளை மகளின் வலது கன்னத்தில் அப்பி, போதாதென்று கழுத்திலும் தேய்த்தாள்.

கலைமணி எழுந்தாள். உள்ளே போய்த் தன் வீட்டுக் குழாயில் ஒரு செம்பு பிடித்து வந்து, வேறு கிண்ணத்தில் அதே மஞ்சளைக் குழைத்தாள். அது மஞ்சளாகவே இருந்தது. அதை மருமகளின் இடது கன்னத்தில் தடவினாள்.

ஒரு கன்னம் சிவப்பு, ஒரு கன்னம் மஞ்சள். யுவஸ்ரீ திறந்த கதவு வழியே தெரிந்த பீரோக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அம்மா சிரிப்பு அப்படியே மகளுக்கும் வந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, இது சாமி இல்லம்மா. பள்ளிக்கூடத்து லேப்ல பண்ணியிருக்கறோம். மஞ்சள்ல காரம் பட்டாச் செவக்கும். சுண்ணாம்பு காரம், அதான் ஆரத்தி செவக்குது. நம்ம தண்ணியில சுண்ணாம்பே போடல. அப்ப தண்ணியே காரம். பட்டறக் காஸ்டிக்கா இருக்கும்மா."

"பட்டற எங்க இருக்குது, நம்ம தொட்டி எங்க இருக்குது! போடி, படிச்சவ பேச்சு!" என்றாள் அங்காளம்மாள். "எந்திரி கண்ணு. பையை எடு. நேரமாச்சு."

யுவஸ்ரீ எழுந்தாள். அவளுக்கும் அம்மா வீட்டுக்கு வர ஆசைதான். கிளம்புமுன் முகம் துடைக்க அங்காளம்மாள் முந்தானையை எடுத்தாள். இடது கன்னம் துடைத்ததும் பளிச்சென்று இருந்தது. வலது கன்னம் துடைக்கத் துடைக்கத் தடித்துக்கொண்டு வந்தது. கழுத்திலும் பட்டை பட்டையாக எழும்பிற்று. "எரியுதும்மா," என்று யுவஸ்ரீ முகத்தை விலக்கினாள்.

அங்காளம்மாளுக்குக் கை நின்றுவிட்டது. பிறக்கப்போகிற பிஞ்சு உடம்பும், அதன்மேல் அந்த வழவழத் தண்ணீரைத் தானே கோரிக் கோரி ஊற்றுவதும் கண்முன்னால் வந்தது. அவ்வளவு பயத்தை அவள் அதற்குமுன் அறிந்ததில்லை.

"பையை உள்ள வெய்யி," என்றாள். "நீ வர வேண்டாம்."

"அம்மா..."

"வர வேண்டாம்னா வர வேண்டாம். சம்பந்தியம்மா, புள்ள இங்கியே இருக்கட்டுங்க." சொல்லிவிட்டு, யாரும் தன் முகத்தைப் பார்ப்பதற்குள் விறுவிறுவென்று போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

போகும்போது பாட்டு, வரும்போது மூச்சுச் சத்தம். யுவஸ்ரீக்காகத் துண்டு விரித்து வைத்திருந்த ஜன்னல் சீட்டில் யாரும் உட்காரவில்லை. சேலம் தாண்டும்வரை அங்காளம்மாள் வாயே திறக்கவில்லை என்பதால் செங்கோடனுக்குக் காய்ச்சல் வரும்போல் இருந்தது. சங்ககிரியில் திடீரென்று, "ஏனுங்க டிரைவர் தம்பி, மளிகக் கடையில நிறுத்துங்க," என்றாள். இறங்கிப் போனவள் மடி நிறைய மஞ்சள்தூள் பொட்டலத்தோடு வந்தாள்.

வெயில் தாழ வேன் ஊருக்குள் நுழைந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. தெரு நடுவில் நின்று கையைத் தட்டினாள். "அவங்கவங்க ஊட்டு பம்புத் தண்ணி ஆளுக்கொரு செம்பு கொண்டாங்கடி! சாமி பாக்கலாம் வாங்க!"

அன்று அந்தத் தெரு பட்ட கோலத்தை என்னவென்று சொல்ல. வீட்டுக்கு வீடு செம்பு, வாளி, லோட்டா. அங்காளம்மாள் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டே நடந்தாள். மேற்கே கோயில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மஞ்சளாக நின்றது. "நீ தப்பிச்சே!" என்று கத்தினார்கள். நடுத்தெருவில் ஆரஞ்சு. "உனக்குப் பாதிச் சாமி!" கிழக்கே போகப் போகச் சிவப்பு ஏறிற்று. அடுத்து எந்த வீடு எவ்வளவு சிவக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். தறியை நிறுத்திவிட்டு ஆண்கள் ஓடி வந்தார்கள். தங்கள் வீட்டுச் செம்பும் சிவக்க வேண்டும் என்று இரண்டு குழந்தைகள் அடம்பிடித்து அழுதன. சிரிப்பும் கூச்சலுமாக அந்த ஊர்வலம் போய் நின்ற இடம் தண்டாயுதபாணியின் சலவைப் பட்டறை வாசல். அங்கே வெளியே இருந்த அடிபம்பில் ஒரு குடம் பிடித்து மஞ்சளைப் போட்டதுமே தண்ணீர் குங்குமக் குழம்பாகிவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் தண்டாயுதபாணி வெளியே வந்தார். "என்ன அங்காளு, திருவிழாவா?"

"ஆமாங்க மாமா. மஞ்சத்தண்ணி வெளையாட்டு." அங்காளம்மாள் இடுப்பில் அந்தச் சிவந்த தண்ணீர்க் குடம். முறைமாமன்மேல் மஞ்சள்நீர் ஊற்ற முறைப்பெண்ணுக்கு உரிமை உண்டு, ஊற்றினால் அவர் கோபப்படவும் கூடாது. அந்த ஊரில் காலங்காலமாக அப்படித்தான். அவள் குடத்தைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தாள்.

தண்டாயுதபாணி கோபப்படவில்லை. அலறினார்.

"ஐயோ, கண்ணு! கண்ணுல பட்டுருச்சு! கேன் தண்ணி கொண்டாங்கடா, ஓடுங்கடா, கேன் தண்ணி! ஏ அறிவு கெட்டவளே, அது காஸ்டிக்குடி! கண்ணு போயிரும்டி!"

இரண்டு கேன் கவிழ்ந்து, முகம் கழுவி, அவர் கண்ணைத் திறந்து பார்த்தபோது தெருவே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இந்தத் தண்ணியிலதான மாமா ஊருக் கொழந்தைங்க தெனமும் கண்ணத் தொறந்துட்டுக் குளிக்குதுங்க," என்றாள் அங்காளம்மாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது." குடத்தைக் கீழே வைத்தாள். "இதுல மாவாட்டி நான் ஊருக்கே சோறு போட்டிருக்கறேன்."

செல்போனில் எடுத்தவர்கள் எடுத்தார்கள். அந்த அலறல் மறுநாள் காலைக்குள் எடப்பாடி முழுக்க ஓடிற்று. அதிகாரிகள் வந்து பாட்டில்களில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். பட்டறைக்குப் பின்னால் வற்றிப்போன பழைய போர்வெல் ஒன்றுக்குள் வெளுத்த தண்ணீர் குழாய் வழியே இறங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, பட்டறையைப் பூட்டினார்கள். தெருவுக்கு டேங்கர் லாரி வந்தது. மருத்துவ முகாம் போட்டு, தோலைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள், பிள்ளைகளை அடிக்கடி கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். நிலத்துக்குள் இறங்கியது தெளிய எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டதற்கு, முகாமுக்கு வந்த டாக்டரம்மா, "எனக்குத் தெரியலைங்கம்மா," என்று உண்மையைச் சொன்னார்.

யுவஸ்ரீக்கு வலி கண்டதும் அங்காளம்மாள் கடையைச் செங்கோடன் தலையில் கட்டிவிட்டு, ஒரு பையோடு சம்பந்தி வீட்டில் போய் இறங்கினாள். சம்பந்தி வீட்டில் ஒரு வாய் காப்பிக்கு மேல் தங்குவது கௌரவக் குறைவு என்று அதுவரை எல்லோருக்கும் போதித்து வந்தவள் அவள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல், அங்காளம்மாள் குரல். கலைமணி வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இரண்டு சம்பந்திகளும் ஒரே அடுப்படியில் பத்தியச் சமையல் செய்து, பூண்டுக் குழம்புக்கு எவ்வளவு மிளகு என்று தினமும் சண்டை பிடித்தார்கள்.

குழந்தை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "தலைப்பிரசவம் ஆச்சேம்மா. புள்ளய அம்மா வீட்டுக்கு அனுப்பலயா?"

கலைமணி சம்பந்தியைப் பார்த்தாள். அங்காளம்மாள் மடியில் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அனுப்பிட்டாங்களே," என்றாள். "நான் இங்கதான இருக்கறேன். நான் இருக்கற எடந்தானுங்க எம்பொண்ணுக்கு அம்மா ஊடு."

"இது உங்க வீடாயிட்டா அப்ப நான் எங்கங்க போறது சம்பந்தி?" என்றாள் கலைமணி.

அங்காளம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தாள்.